சாளைக்குப் போன இரும்புக் கம்பி

நீங்கள் மூன்று பேரும் பாடம் ஒப்பிப்பதைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று பாட்டு மாதிரி சொல்கிறீர்கள். போன வாரம் உங்களில் சின்னவன், "இந்தக் கணக்கு யாருக்கப்பா ஆகும்?" என்று கேட்டான். அப்போது எனக்கு வாயில் பதில் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கணக்கில் பிழை இருக்காது, ஏனென்றால் அந்தக் கணக்கு சரியாக வந்ததால்தான் உங்கம்மா திரும்பி வந்தாள்.

அது உலகச் சண்டைக் காலம். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டோரத்தில் ஒரு கடலை மில் இருந்தது. நிலக்கடலைக் காயை உடைத்துப் பருப்பாக்குகிற மில். அதில் நான் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் எஞ்சின். அதிலிருந்தே இன்னொரு பெல்ட் போட்டு ஒரு டைனமோவை ஓட்டுவோம். பொழுது இறங்கினால் மில்லுக்குள் பல்பு எரிய அதுதான் கதி. மேட்டூர்க் கரண்டு டவுன்களுக்கு வந்திருந்தது, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டைனமோவை மாட்டிக் கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து வந்த பிட்டர், கிளம்புகிற அன்று பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் நீங்கள் ஒப்பிக்கிற அந்த இரண்டு வரியைச் சொன்னார். "இது தெரிஞ்சாப் போதும், மிச்சத்த மீட்டர் சொல்லும்" என்றார். எனக்கு அது அன்றைக்கு வெறும் வாய்ப்பாடு.

நாங்கள் குடியிருந்த சாளைவீடு மில்லுக்குக் கிழக்கே அரை மைல் தூரத்தில், தோட்டத்துக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரி வழியாகப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. என் அப்பனும் ஆத்தாளும் ஊருக்குள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். நான் மில்லுக்குப் போய்விட்டால் உங்கம்மா தனிதான். மில் வாசலில் நின்று பார்த்தால் சாளையின் ஓட்டுக்கூரையும் அதற்குப் பின்னால் கொல்லிமலையும் தெரியும். பொழுது போனால் மலை தெரியும், சாளை தெரியாது.

சீமெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அதுவும் பாதி நாள் கிடைக்காது. ஒரு நாள் சாயங்காலம் உங்கம்மா சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது காற்றில் அணைந்துவிட்டது. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். இருட்டில் கால் வைத்தபோது காலுக்கு மேலே குளிர்ச்சியாக ஒன்று இழைந்து போயிருக்கிறது. கத்தவில்லை. கட்டிலில் ஏறிக் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, நான் வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் மில் லாந்தரோடு வந்து நின்றபோது தானியக் குதிருக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. கட்டுவிரியன். அடித்து வெளியே போட்டேன்.

"இது ஒண்ணுதானுங்களா, இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

லாந்தரைத் தூக்கிப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவளுடைய அண்ணன் வந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போனார். அவர்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கு மேற்கே. உங்களில் மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அழைத்து வருவது எங்கள் வழக்கம். ஐந்தாம் மாதம் நான் போனேன். உங்கம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் நிலவுப்படியோரம் நின்றாள்.

"நானு வரமாட்டேன்னு சொல்லலீங்க. புள்ள இன்னிக்கோ நாளைக்கோ தவழ்ந்துருவா. தரையில என்ன கெடக்குதுன்னு எனக்குக் கண்ணுக்குத் தெரியோணும். வெளிச்சம் இருந்தா வாரேனுங்க."

அவளுடைய அம்மா உள்ளிருந்து, "மாப்பிள்ளைகிட்ட இப்படியா பேசறது?" என்றார்கள். உங்கம்மா சொன்னதை மாற்றவில்லை. நானும் கோபப்படவில்லை. கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த உருவம் எனக்கும் கண்ணிலேயே நின்றது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் தோளில் வைத்திருந்தேன். துண்டில் பால் கக்கிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். நான் அந்தத் துண்டை நனைக்காமலே சில நாள் வைத்திருந்தேன்.

ஆள் இல்லாத வீட்டுக்குப் போவது ஒரு மாதிரி வேலைதான். மில் விட்டு வந்து நானே களி கிண்டித் தின்பேன். தொட்டில் கட்டுவதற்காக விட்டத்தில் முன்கூட்டியே ஒரு கயிறு போட்டு வைத்திருந்தேன். அது சும்மா தொங்கும். காற்றடித்தால் ஆடும். கட்டிலை இழுத்து அதற்கு நேர் கீழே போட்டுக்கொண்டு படுப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மில் முதலாளியிடம் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எங்கூட்டுக்கு ஒரு லைட்டு இழுத்துக்கட்டுங்களா மொதலாளி? மில்லு ஓடற வரைக்கும் எரிஞ்சாப் போதும்."

"ஏப்பா, என்ர டைனமோவுக்குப் பாரம் ஆயிராதா?"

"ஒத்தப் பல்புங்க. அறுபது வாட்."

"கம்பிக்கு எங்க போவ? செம்புக் கம்பியெல்லாம் சண்டைக்குப் போயிருச்சு."

போகத்தான் போயிருந்தது. சேலம் கடைவீதி முழுக்கக் கேட்டும் கிடைக்கவில்லை. மில் களத்தில் வேலி கட்ட வாங்கிப்போட்ட இரும்புக் கம்பிச் சுருள்கள் சும்மா கிடந்தன. "அத வேணா எடுத்துக்க. துருப் புடிச்சுத்தான் கெடக்குது" என்றார் முதலாளி. கம்பி கம்பிதானே என்று எடுத்துக்கொண்டேன். இட்டேரியோரத்துப் பனைமரங்களிலும் வேப்பமரங்களிலும் பீங்கான் குமிழ் வைத்து, போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி இழுத்தேன். பங்காளி வீட்டு நிலத்தையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெரியப்பா ஏர் ஓட்டிக்கொண்டே, "துணி காயப்போட இத்தன நீளமாடா கட்டறது? ஊரு மொத்தத்துக்கும் தொவைக்கப் போறியா?" என்றார்.

பொழுது இறங்கினதும் டைனமோவை ஓட்டிவிட்டு, எஞ்சினை மில் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு சாளைக்கு ஓடினேன். சுவிச்சைப் போட்டேன்.

அடுப்பில் கொள்ளி அணையப் போகும்போது ஒரு சிவப்பு இருக்குமே, அதுதான் இருந்தது. பல்புக்குள் இழை தெரிந்தது. பல்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்துவிட்டதாக நான் அவசரப்பட்டு முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தேன். மச்சான் மறுநாளே வந்துவிட்டார். மடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். பிள்ளையின் பழைய அரைஞாண் கயிறு.

"உங்க ஊட்டுக்காரி குடுத்து உட்டாளுங்க மாப்ளே. இதக் குதிருக்குப் பொறகால போடோணுமாம். வாசல் நெலவுக்கிட்ட நின்னு பாத்தாக் கண்ணுக்குத் தெரியோணுமாம். தெரிஞ்சாத்தான் வருவாளாம்."

அது அவள் யோசனைதான் என்று கேட்டவுடனே தெரிந்தது. கட்டுவிரியனும் கறுப்பு, கயிறும் கறுப்பு.

மச்சான் கயிற்றைக் குதிர் பக்கம் வீசினார். வாசல் நிலவுப்படிக்கு வந்து நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். மேலே பல்பு சிவப்பாக முழித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாப்ளே, இது வெளக்கா, பழுத்த மொளகாயா?"

நான் சுவிச்சை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

"சிம்னிய ஏத்துங்க, வெளக்கு எங்க எரியுதுன்னு பாக்கலாம்" என்றார். சிரித்தாரே தவிர அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. சிம்னியில் சீமெண்ணெயும் இல்லை, அந்தச் சிவப்பிலேயே கயிற்றைத் தேடினோம், கிடைக்கவில்லை. அது இல்லாமலே ஊருக்குப் போனார். காலையில் வெயில் வந்தபிறகு குதிர்க் காலடியில் கிடந்ததை எடுத்தேன். இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். எண்ணெய்க் கையோடு வேலை செய்யும்போது அந்தக் கையை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

இப்போது என் அறிவைக் கேளுங்கள். எங்கள் தோட்டத்துக் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் சரியாகப் பாயவில்லையென்றால் மடையை அகலமாக வெட்டிவிடுவோம். வாய் பெரிதானால் அதிகம் குடிக்கும். அந்த நினைப்பில் சேலம் போய் நூறு வாட் பல்பு ஒன்று வாங்கிவந்தேன். பூசணிப் பிஞ்சு மாதிரி பெரியது. மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாட்டினேன்.

முன்னைவிடச் சிவப்பாகப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பெரியதைப் போட்டால் குறைகிறது என்றால் இதற்கு மேல் செய்ய என்ன இருக்கிறது? பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள் என்று செய்தி வந்திருந்தது. அவள் தவழ்வதை நான் பார்க்கவில்லை. இப்படியே போனால் நடப்பதையும் அந்த ஊர்த் தரையில்தான் நடப்பாள்.

மறுநாள் மில்லில் டைனமோவின் மீட்டர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வோல்ட் மீட்டர் முள் எப்போதும்போல 110இல் நின்றது. இங்கே நூற்றுப்பத்து. சரி, அங்கே எவ்வளவு? இத்தனை நாள் அதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. டைனமோப் பெட்டியோடு உபரியாக வந்த சின்ன ஆம்பியர் மீட்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைச் சாளைக்குப் போகிற கம்பியில், மில் பக்கத்திலேயே கோத்தேன். முதலில் பழைய அறுபது வாட் பல்பையே மாட்டி எரியவிட்டேன். முள் 0.4 ஆம்பியர் காட்டியது. பிறகு பலகையிலிருந்து வோல்ட் மீட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு இட்டேரியில் போனேன். எரிந்துகொண்டிருந்த பல்பின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 70.

மில்லுக்குத் திரும்பிவந்து வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் எழுதினேன். நீங்களும் எழுதிப் பாருங்கள்.

புறப்பட்டது 110 வோல்ட், வந்து சேர்ந்தது 70. நடுவில் 40 வோல்ட் காணோம். வழியில் இருப்பது கம்பி மட்டும்தான், அதில் ஓடுவது 0.4 ஆம்பியர். 40ஐ 0.4ஆல் வகுத்தால் 100. ஆகவே என்னுடைய இரும்புக் கம்பி, போக வர இரண்டும் சேர்த்து, 100 ஓம் தடை. இதே நீளத்துக்குச் செம்பாக இருந்தால் அதில் ஆறில் ஒரு பங்குகூட வந்திருக்காது. இனி வாட் பாருங்கள். பல்புக்குக் கிடைத்தது 70ஐ 0.4ஆல் பெருக்கினால் 28 வாட். கம்பி வழியில் தின்றது 40ஐ 0.4ஆல் பெருக்கினால் 16 வாட். அறுபது கேட்கிற பல்புக்கு இருபத்தெட்டுக் கொடுத்தால் அது எப்படி வெளுக்கும்?

நூறு வாட் பல்பை மாட்டியும் அதே மாதிரி பார்த்தேன். கம்பியில் 0.6 ஆம்பியர், பல்பில் 50 வோல்ட்தான். 50ஐ 0.6ஆல் பெருக்கினால் 30 வாட். கம்பி தின்றது 60ஐ 0.6ஆல் பெருக்கினால் 36. பல்பைவிடக் கம்பிக்குத்தான் அதிகம்! வாய் பெரிதானதும் ஓட்டம் கூடியது. ஓட்டம் கூடக்கூடக் கம்பிதான் கூடுதலாகத் தின்றது. தடித்த இழைக்கு முப்பது வாட் எந்த மூலைக்கு? அதனால்தான் செங்கல் நிறம்.

அப்படியானால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். பல்பு சின்னதாக வேண்டும். 25 வாட் பல்பு என்றால் சுமார் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். அதை 100 ஓமால் பெருக்கினால் 20 வோல்ட் வழியில் போகும். மிச்சம் 90. அதை 0.2ஆல் பெருக்கினால் 18 வாட். இருபத்தைந்து கேட்கிறவனுக்குப் பதினெட்டுக் கிடைத்தால் வயிறு முக்கால்வாசி நிறைந்த மாதிரி. சுவரில் எழுதியதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. முதலாளி வந்து சுவரைப் பார்த்து, "ஏப்பா, இப்பத்தான வெள்ள அடிச்சேன்" என்றார்.

சேலத்துக் கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். "போன தடவ நூறு வேணும்னீங்க. இப்ப இருபத்தஞ்சா? ஊட்டுல ஆளுங்க கொறஞ்சுட்டாங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

இந்தத் தடவை யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நானே மாட்டினேன். சுவிச்சைப் போட்டதும் வீடு வெளுத்தது. டவுன் வெளிச்சம் அளவுக்கு இல்லை, லேசாக மஞ்சள் கலந்த வெளுப்பு. தரையில் சாணி மெழுகின வரி தெரிந்தது. குதிருக்குப் பின்னால் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து அந்த எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து மகிழ்வதற்குக்கூட ஆள் இல்லாத வீடு. அப்போதுதான் அவள் இல்லாதது முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. எல்லா மூலையும் தெரிந்தது, எல்லா மூலையும் காலி.

பிறகு மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். பல்பைக் கண்டதும், "பெருசுக்கே கெதியில்ல, இந்த எலுமிச்சங்காயி என்னத்தப் பண்ணும்?" என்றார். நான் சுவிச்சைப் போட்டேன். என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் குதிருக்குப் பின்னால் வீசிவிட்டு நிலவுப்படியில் நின்று பார்த்தார். போட்ட இடம் தெரிந்ததால் தெரிகிறதோ என்று சந்தேகம். "நான் வெளிய பாத்துட்டு நிக்கறேன், நீங்க வேற எங்காச்சும் போடுங்க மாப்ளே" என்று திரும்பி நின்றார். போட்டேன். திரும்பிப் பார்த்தார்.

"கெடக்குது" என்றார். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "முடிச்சுக்கூடத் தெரியுதுங்க" என்றார்.

கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் மணிக்கட்டு வெறுமையாகப் போனது. அதைப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ள அரைஞாண் உங்க கைக்கு என்னத்துக்குங்க? புள்ளையவே கூட்டிட்டு வாரேன்" என்றார்.

"என்னைக்குங்க மச்சான்?"

"நல்ல நாளு பாக்கோணுமல்லோ."

"நான் மில்லுல இருப்பேன். அவள வந்ததும் வெளக்கப் போடச் சொல்லுங்க. போட்டா இங்க முள்ளு ஏறும், எனக்குத் தெரியும். அணைச்சா எறங்கும்."

"அரை மைலுக்கு அப்பால இருந்தா? சரிதான், இனி என்ர தங்கச்சி தும்முனாலும் மீட்டரு காட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நாள் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் அந்த நாளாக இருக்கலாம். சாளை சுவிச்சை அணைத்துவிட்டு, சாவியை வாசல் நிலவுக்கு மேலே வைத்துவிட்டு மில்லுக்குப் போவேன். பொழுது இறங்கி டைனமோ ஓடத் தொடங்கினதும் அந்தச் சின்ன மீட்டரின் முன்னால் நிற்பேன். முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். மூட்டை தூக்குகிற ஆட்கள் ஏதாவது கேட்டால் பாதி காதில்தான் விழும். ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டால் முள்ளைப் பார்ப்பேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, இட்டேரியில் பிள்ளையோடு நடந்து, பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று மனசிலேயே நடந்து பார்ப்பேன். நேரம் தாண்டிவிடும். முள் அசையாது.

ஒரு நாள் பஸ் போனதே எனக்குத் தெரியவில்லை. பெல்ட் நழுவி, அதைச் சரிசெய்து கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். முள் 0.2இல் நின்றது.

முதலில் கம்பி எங்கேயோ உரசுகிறது என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்து மறுபடி ஏறியது. காற்றில் கம்பி உரசினால் அப்படி ஆடாது. யாரோ சுவிச்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். உங்கம்மா பிள்ளையின் கையைப் பிடித்துச் சுவிச்சைப் போடப் பழக்கியிருக்கிறாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

முதலாளி பக்கத்தில் வந்து, "அந்த முள்ளுல என்னத்தப்பா பாக்கற?" என்றார்.

"எங்கூட்டுல ஆளு இருக்குதுங்க."

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பப் போயேன். கடலையும் தீந்துபோச்சு. எஞ்சின நிறுத்தீட்டுக் கெளம்பு."

எஞ்சின் மேல் கை வைத்தேன். நிறுத்தினால் அங்கே இருட்டாகிவிடும். வெளிச்சம் இருந்தால் வருவேன் என்று சொல்லி வந்தவள் அவள். இங்கே நான் நின்றால்தான் அங்கே அவளுக்கு வெளிச்சம். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு வேறு ஆளும் இல்லை. ஆட்கள் எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காலி மில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி வெளியே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலுக்கு வந்து கிழக்கே பார்ப்பேன். இருட்டில் மஞ்சளாக ஒரு பொட்டு. உள்ளே ஓடி முள்ளைப் பார்ப்பேன். அரை மைல்தான். அன்றைக்கு அது திருச்செங்கோட்டைவிடத் தூரமாக இருந்தது.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போது முள் சாய்ந்து பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி ஏறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன், ஏறவில்லை. அதற்கப்புறம்தான் எஞ்சினை நிறுத்தினேன்.

லாந்தரை எடுத்துக்கொண்டு இட்டேரியில் ஓடினேன். கதவு திறந்திருந்தது. விட்டத்துக் கயிற்றில் சேலையைக் கட்டித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உங்கம்மா இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அணைச்ச?" என்றேன். மூச்சு வாங்கியது.

"எரியற வரைக்கும் நீங்க எஞ்சின உட்டுட்டு வரமாட்டீங்கன்னு அண்ணன் சொல்லீட்டுப் போனாரு" என்றாள்.

லாந்தரைக் கீழே வைத்தேன். அவள் கால் இரண்டும் தரையில் இருந்தன.